வேண்டாம் எனப்பட்ட ஏழாம் எண்: ஜோனத்தன் தர்ஸ்டனின் தொடக்க ஆண்டுகள்

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்துக்கு 1983 நல்ல விளைச்சல் ஆண்டு. ஏப்ரல் 25இல் ஜோனத்தன் தர்ஸ்டன் பிறந்தார். ஜூன் 18இல், ஒரே நாளில், கேமரன் ஸ்மித்தும் பில்லி ஸ்லேட்டரும். டிசம்பர் 5இல் கூப்பர் கிரோங்க். நான்கு பேருமே வளர்ந்து ரக்பி லீக் ஆட வந்தார்கள். நான்கு பேருமே தேசிய லீக்கான என்.ஆர்.எல்.லில் 300 ஆட்டங்களைத் தாண்டினார்கள். ஸ்மித் 430 ஆடினார். ஆனால் அந்த மாநிலத்தின் தலைநகரில் இருந்த ஒரே பெரிய கிளப்பான பிரிஸ்பேன் பிராங்கோஸுக்காக இவர்களில் ஒருவர்கூட ஒரு லீக் ஆட்டம்கூட ஆடியதில்லை.

ஸ்மித், ஸ்லேட்டர், கிரோங்க் மூவரையும் மெல்பர்ன் ஸ்டார்ம் கொத்திக்கொண்டு போனது. அந்தக் கிளப்புக்கு பிரிஸ்பேனில் நார்த்ஸ் டெவில்ஸ் என்ற துணை அணி இருந்தது. பையன்களை அங்கே வைத்து வளர்த்துவிட்டு மேலே ஏற்றும் ஏற்பாடு. ஆகவே அந்த மூவர் கதையில் ஒரு திட்டமாவது தெரிகிறது. தர்ஸ்டன் கதையில் அப்படி எதுவும் இல்லை. பள்ளி முடிக்கும் வயதில் அவரை எடுத்துக்கொள்ளக் கிளப்புகள் முன்வரவில்லை. முதல் வருடம் சம்பளமே வேண்டாம் என்ற நிலையில்தான் சிட்னியில் ஒரு கதவு திறந்தது. நான்கே வருடத்தில் அதே லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான டாலி எம் பதக்கம் அவர் கையில் இருந்தது.

இடையில் என்ன நடந்தது? "திறமை எப்படியும் வெளியே வந்துவிடும்" என்று இதைச் சுலபமாக முடித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. 2001இலும் 2004இலும் தர்ஸ்டனின் கதை எளிதாக நின்றுபோயிருக்க முடியும். நிற்காததற்கு அவருடைய திறமை பாதிக் காரணம்தான்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம்

ரக்பி லீக் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். தெரிந்தவர்கள் அடுத்த பகுதிக்குப் போய்விடலாம்.

ஒரு பக்கம் 13 பேர், 80 நிமிடம். பந்தைக் கையில் எடுத்து ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னோக்கி வீசக் கூடாது, பின்னோக்கித்தான் கொடுக்க வேண்டும். எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தினால் அது டிரை, 4 புள்ளி. அதன்பின் கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 2. ஆட்டத்தின் ஓட்டத்திலேயே பந்தைத் தரையில் தட்டி உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினால் ஃபீல்டு கோல், அதற்குப் பொதுவாக 1.

முக்கியமானது இதுதான்: ஒரு அணி பந்துடன் ஆறு முறை பிடிபடலாம். ஆறாவது பிடியோடு பந்து எதிரணிக்குப் போய்விடும். நம் சடுகுடுவில் பாடிப் போகிறவன் பிடிபட்டால் வெளியே போக வேண்டும்; இங்கே பிடிபட்டவன் எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ளிவிட்டு மறுபடி ஆடலாம், ஆனால் கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஐந்து பிடி ஆனதும் பெரும்பாலும் பந்தை உதைத்துவிடுவார்கள். எங்கே உதைப்பது, எவ்வளவு உயரம், அதற்கு முந்தைய நான்கு ஓட்டங்களை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதையெல்லாம் தீர்மானிப்பவர் ஏழாம் எண் சட்டைக்காரர். ஹாஃப்பேக் என்பார்கள். ஆட்டத்தை ஓட்டுகிறவர் அவர்தான்.

அதே ஏழாம் எண் ஆள் தடுப்பிலும் நிற்க வேண்டும். இங்குதான் வில்லங்கம். அணியில் மற்றவர்களைவிடச் சிறிய உடம்பு பெரும்பாலும் அவருடையதுதான். எதிரணிக்கும் இது தெரியும். 100 கிலோவைத் தாண்டிய ஆட்களைத் தேடித் தேடி அவர் மேல் ஓடவிடுவார்கள். அவர் நிற்கும் இடத்தில் ஓட்டை விழுந்தால் டிரை. விழாவிட்டாலும் பரவாயில்லை, இருபது முறை மோதி எழுந்தவருக்கு ஐந்தாவது பிடியில் நிதானமாக யோசிக்க மூச்சு இருக்காது.

டூவூம்பாவில் ஒரு ஒல்லிப் பையன்

தர்ஸ்டனின் தாய் குங்கரி பழங்குடியைச் சேர்ந்தவர், தந்தை நியூசிலாந்துக்காரர். பிரிஸ்பேனின் தெற்குப் புறநகரான சன்னிபேங்க் பகுதியில் வளர்ந்தார். அப்புறம் படிப்புக்காக டூவூம்பாவில் செயின்ட் மேரிஸ் கல்லூரி. பள்ளிக்கூடம்தான், அங்கே பல பள்ளிகளுக்குக் கல்லூரி என்றே பெயர்.

பிரிஸ்பேனுக்கு மேற்கே சுமார் 125 கிலோமீட்டர் தூரத்தில், மலைத்தொடரின் விளிம்பில் இருக்கும் ஊர் டூவூம்பா. ரக்பி லீக் உலகத்தில் இது சாதாரண ஊர் இல்லை. 1924இல் சுற்றுப்பயணம் வந்த இங்கிலாந்து அணியை 23-20 என்று தோற்கடித்து அனுப்பிய ஊர். அங்கே டூவூம்பா ஆல் வைட்ஸ் என்ற உள்ளூர்க் கிளப்புக்கு தர்ஸ்டன் ஆடினார். மறைவான மூலையில் ஆடி யார் கண்ணிலும் படாமல் போனார் என்று சொல்ல முடியாது. பார்த்தார்கள். பார்த்துவிட்டுத்தான் வேண்டாம் என்றார்கள்.

சொன்ன காரணங்கள் இரண்டு. ஒன்று, உடம்பு போதாது. இன்னொன்று, போக்கு சரியில்லை.

முதல் காரணத்தைக் கேட்டுச் சிரிக்க இன்றைக்கு எளிதாக இருக்கிறது. ஆனால் மேலே சொன்ன தடுப்புக் கணக்கை நினைத்துப் பார்த்தால் அவர்கள் முட்டாள்கள் இல்லை என்பது புரியும். முழு வளர்ச்சிக்குப் பிறகும் தர்ஸ்டன் 179 சென்டிமீட்டர்தான். பதினேழு வயதில் ஒல்லிக்குச்சி. இந்தப் பையனை வாரம்தோறும் பெரிய ஆட்களுக்கு முன்னால் நிறுத்த முடியுமா என்று கேட்பது நியாயமான கேள்வி. பதில் தெரியாதபோது தூக்கலான உடம்புள்ள இன்னொரு பையனை எடுப்பதும் இயல்பு. அவன் சரியாக வராவிட்டாலும் தேர்வு செய்தவரை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

வேடிக்கை என்னவென்றால், சிறிய உடம்பால் முடியாது என்பதற்கு எதிரான சாட்சிகள் கண் முன்னாலேயே இருந்தன. பிராங்கோஸ் கிளப் வென்ற முதல் கோப்பைகளில் ஏழாம் எண் சட்டை போட்டிருந்தவர் ஆலன் லாங்கர். ஐந்தரை அடியைத் தொடாத மனிதர். பிரிஸ்பேன் நகரமே தலையில் வைத்துக் கொண்டாடியது. சரி, அது தொண்ணூறுகள், பழைய கதை என்பீர்களா? தர்ஸ்டனுக்குப் பதினெட்டு வயது நடந்த 2001ஆம் ஆண்டின் டாலி எம் பதக்கத்தை வாங்கியவர் குரோனுல்லாவின் பிரஸ்டன் கேம்ப்பெல். லீக்கிலேயே மிகச் சிறிய உருவங்களில் ஒன்று. அடுத்த வருடமே அதே கிளப்பில் நிலையான இடம் கிடைக்காமல் திண்டாடி, பென்ரித்துக்குப் போய், 2003இல் அங்கே கோப்பை வென்றார்.

அதாவது சின்ன உடம்புக்காரர் ஒவ்வொரு முறை ஜெயிக்கும்போதும் அதை ஒரு விதிவிலக்காக எழுதி ஓரமாக வைத்துவிட்டார்கள். பத்து விதிவிலக்கு சேர்ந்தாலும் விதியை மாற்றுவதில்லை. இது ரக்பி லீக்குக்கு மட்டும் உள்ள வியாதியும் இல்லை.

இரண்டாவது காரணம், போக்கு. இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை. பதினேழு வயதுப் பையன்களில் அடங்கி நடப்பவர்கள் குறைவு. விளையாட்டுக்காரர்களில் இன்னும் குறைவு. ஒரு பையன் உயரமும் எடையுமாக இருந்தால் அவனது துடுக்கை வீரம் என்பார்கள், ஒல்லியாக இருந்தால் திமிர் என்பார்கள். "போக்கு சரியில்லை" என்ற சொல் எப்படி வேண்டுமானாலும் இழுபடும்.

சுருங்கிப்போன சந்தை

தர்ஸ்டன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் ஒரு விஷயம் உண்டு. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

தொண்ணூறுகளின் நடுவில் ஆஸ்திரேலிய ரக்பி லீக் இரண்டாக உடைந்தது. தொலைக்காட்சி உரிமைக்கான பணச் சண்டை. சூப்பர் லீக் போர் என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். 1997இல் இரண்டு தனித்தனி லீக்குகள் ஓடின. 1998இல் சமாதானமாகி 20 அணிகளுடன் என்.ஆர்.எல். பிறந்தது. 20 அதிகம், குறைக்க வேண்டும் என்று முன்பே முடிவாகியிருந்தது. 1999இல் 17. 2000இல் 14. சில கிளப்புகள் மூடப்பட்டன, சில ஒன்றோடொன்று இணைக்கப்பட்டன, சவுத் சிட்னி போன்ற நூற்றாண்டுப் பழமையை நெருங்கிய கிளப்பே வெளியே தள்ளப்பட்டு, வழக்காடித்தான் 2002இல் திரும்பி வந்தது.

குயின்ஸ்லாந்தின் தென்கிழக்கு மூலையை மட்டும் பாருங்கள். 1995இல் அங்கே மூன்று கிளப்புகள்: பிராங்கோஸ், சவுத் குயின்ஸ்லாந்து கிரஷர்ஸ், கோல்ட் கோஸ்ட். 1997 முடிவில் கிரஷர்ஸ் காலி. 1998 முடிவில் கோல்ட் கோஸ்ட் காலி. 1983இல் பிறந்த பையனுக்கு அப்போது பதினைந்து வயது, கிளப்புகள் ஆள் பிடிக்க வரும் வயது. அவன் ஊரில் மூன்று கடை இருந்த இடத்தில் ஒரே ஒரு கடைதான் மிச்சம். அந்தக் கடையிலோ நல்ல சரக்கு நிறையவே இருந்தது. பிராங்கோஸ் 1997, 1998, 2000 ஆகிய ஆண்டுகளில் கோப்பை வென்ற அணி. வரிசையில் நிற்பவர்களில் தயாராக இருப்பவர்களை மட்டும் எடுத்தால் போதும், ஒல்லியானவன் தேறுவானா என்று சோதித்துப் பார்க்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை.

14 அணிகள் என்றால் 14 ஏழாம் எண் சட்டைகள். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து இரண்டுக்கும் சேர்த்தே அவ்வளவுதான். மூன்று வருடம் முன்பு அது 20. தர்ஸ்டன் அந்த 14க்குள் நுழைய முயன்ற வருடம் மிக மோசமான வருடம். மூன்று வருடம் முன்னால் பிறந்திருந்தாலோ, கோல்ட் கோஸ்டில் டைட்டன்ஸ் வந்த 2007ஐ ஒட்டிப் பள்ளி முடித்திருந்தாலோ, "எல்லோரும் நிராகரித்த பையன்" என்ற கதையே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

புல்டாக்ஸ்: உள்ளே வந்தாயிற்று, உட்கார இடமில்லை

கடைசியில் அவரை எடுத்தது சிட்னியின் தென்மேற்கில் பெல்மோரைத் தளமாகக் கொண்ட கேன்டர்பரி புல்டாக்ஸ். காசு கேட்காத பையன், போனால் நஷ்டமில்லை. கிளப்பின் பெருந்தன்மை என்று இதைச் சொல்ல மாட்டேன். ஆனால் மற்றவர்கள் இந்த அளவுக்குக்கூடத் துணியவில்லை என்பதும் உண்மை.

2002இல் முதல் அணியில் அறிமுகம். பையனின் அதிர்ஷ்டத்தைப் பாருங்கள், அந்த வருடம்தான் அந்தக் கிளப்பின் வரலாற்றிலேயே பெரிய இடி விழுந்தது. தொடர்ச்சியாக 17 ஆட்டங்களை வென்று புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்த புல்டாக்ஸ், ஆட்டக்காரர்களுக்குச் சம்பள வரம்பை மீறிப் பணம் கொடுத்தது ஆகஸ்டில் அம்பலமானது. 37 புள்ளிகளைப் பிடுங்கினார்கள். 5 லட்சம் டாலர் அபராதம். முதலிடத்தில் இருந்த அணி கடைசி இடத்தில் சீசனை முடித்தது. பணம் வேண்டாம் என்று வந்த பையன், பணத்தை அள்ளிக் கொடுத்து மாட்டிக்கொண்ட கிளப்பில் தொழில் கற்றான் என்பது யாராவது கட்டி எழுதியது போல இருக்கிறது. ஆனால் நடந்தது.

பயிற்சியாளர் ஸ்டீவ் ஃபோக்ஸ். ஏழாம் எண் சட்டையில் பிரென்ட் ஷெர்வின், ஆறாம் எண்ணில் பிரெய்த் அனாஸ்டா. இருவரும் இளைஞர்கள், இருவரும் நன்றாக ஆடிக்கொண்டிருந்தவர்கள். ஆட்டத்தை நடத்தும் அந்த இரண்டு இடங்களும் நிரம்பியிருந்தன, காலியாகும் அறிகுறியும் இல்லை. தர்ஸ்டன் கிடைத்த இடத்தில் ஆடினார். பெரும்பாலும் பெஞ்சிலிருந்து எழுந்து வந்து. மூன்று சீசன்களில் மொத்தம் 29 ஆட்டங்கள். நிலையான இடம் உள்ள ஒருவர் அதே காலத்தில் 70 ஆட்டங்களுக்கு மேல் ஆடியிருப்பார்.

வீணான காலமா? அப்படித் தோன்றவில்லை. அப்போதைய புல்டாக்ஸின் முன்வரிசையை நினைத்துப் பாருங்கள்: ஸ்டீவ் பிரைஸ், மார்க் ஓமீலி, வில்லி மேசன், ராய் அசோடாசி, 2004இல் பதினெட்டு வயதில் வந்து சேர்ந்த சன்னி பில் வில்லியம்ஸ். லீக்கிலேயே அடாவடியான கூட்டம். பயிற்சியில் இவர்களுக்கு எதிரேதான் நிற்க வேண்டும். எந்த உடம்பைக் காரணம் காட்டி விலக்கினார்களோ, அந்த உடம்புக்கு இதைவிடப் பெரிய பட்டறை வேறு கிடைத்திருக்காது. பின்னாளில் தர்ஸ்டன் தடுப்பில் ஓட்டை என்று யாரும் சொன்னதில்லை. பிடிக்க முடியாத ஆளைத் துரத்திக்கொண்டு மைதானம் முழுக்க ஓடுகிறவர் என்றுதான் பெயர் வாங்கினார்.

ஆனாலும் பட்டறையில் எத்தனை நாள் இருப்பது? 2004 சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே அடுத்த வருடம் வடக்கு குயின்ஸ்லாந்து கௌபாய்ஸுக்குப் போவதாக முடிவாகிவிட்டது. பெட்டியைக் கட்டி வைத்துவிட்டு மிச்ச நாட்களைக் கழிக்கும் ஆள் போல அவர் இருந்திருக்கலாம். அதற்குள் ஒரு மோதிர விஷயம் வந்து சேர்ந்தது.

2004 அக்டோபர் 3

புல்டாக்ஸ் இறுதி ஆட்டத்துக்குள் நுழைந்தது. எதிரே சிட்னி ரூஸ்டர்ஸ். அந்த அணியின் பிராட் ஃபிட்லருக்கு அதுவே கடைசி ஆட்டம். புல்டாக்ஸ் கேப்டன் ஸ்டீவ் பிரைஸ் அதற்கு முந்தைய ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு விலகினார். டூவூம்பாவுக்கும் மேற்கே உள்ள டால்பியில் பிறந்தவர், பல வருடம் அந்தக் கிளப்பின் முதுகெலும்பாக இருந்தவர். அவருக்கும் புல்டாக்ஸில் அது கடைசி சீசன். அடுத்த வருடம் நியூசிலாந்து வாரியர்ஸுக்குப் போக இருந்தார். கேப்டனாகக் கோப்பையைத் தூக்கி விடைபெற வேண்டிய மனிதர் உடை மாற்றாமல் ஓரத்தில் நின்றார்.

அவர் விலகியதால், 13 பேரும் மாற்று ஆட்கள் நால்வருமான 17 பேர் பட்டியலில் ஓர் இடம் காலியானது. அந்த இடத்தில் பெஞ்சில் உட்கார வைக்கப்பட்டவர் தர்ஸ்டன். வயது 21.

இடைவேளையில் ரூஸ்டர்ஸ் 13-6 என்று முன்னிலை. பின்பாதியில் அவர்களால் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை. புல்டாக்ஸ் 16-13 என்று வென்றது. கடைசி நொடிகளில் கோட்டை நோக்கிப் பாய்ந்த மைக்கேல் குரோக்கரை, பிரைஸுக்குப் பதில் கேப்டனாக நின்ற ஆண்ட்ரூ ரயன் எட்டிப் பிடித்து இழுத்தது இன்றும் ரசிகர்கள் பேசும் பிடி.

வென்ற அணியில் ஆடிய ஒவ்வொருவருக்கும் ஒரு மோதிரம் தருவார்கள். எத்தனையோ பெரிய ஆட்டக்காரர்கள் பதினைந்து வருடம் ஆடியும் கையில் அது இல்லாமலே ஓய்வு பெற்றிருக்கிறார்கள். தர்ஸ்டன் தனக்குக் கிடைத்ததை ஸ்டீவ் பிரைஸிடம் கொடுத்துவிட்டார்.

இதைக் கேட்டதும் நல்ல மனசு என்பார்கள். நல்ல மனசுதான், சந்தேகமில்லை. ஆனால் எனக்கு அதில் வேறொன்றும் தெரிகிறது. கிளப்பில் நிலையான இடம் இல்லாத, ஊரை விட்டுப் போகப்போகிற 21 வயதுப் பையன், வாழ்நாளில் இன்னொன்று கிடைக்குமா என்றே தெரியாத ஒரு பொருளைக் கழற்றிக் கொடுக்கிறான் என்றால், தன்னால் தன் கணக்கிலேயே ஒன்றை வாங்க முடியும் என்று அவன் உள்ளூர நம்பியிருக்க வேண்டும். முன்பு "போக்கு சரியில்லை" என்றார்களே, அதுவும் இதே நம்பிக்கையின் இன்னொரு முகமாக ஏன் இருக்கக் கூடாது?

டவுன்ஸ்வில்: காலியாக இருந்த சட்டை

கௌபாய்ஸ் கிளப்பின் ஊர் டவுன்ஸ்வில், பிரிஸ்பேனிலிருந்து வடக்கே சுமார் 1,350 கிலோமீட்டர். வெயிலும் கரும்பும் ராணுவ முகாமும் உள்ள வெப்பமண்டல நகரம். 1995இல் லீக்கில் சேர்ந்தது, முதல் சீசனிலேயே கடைசி இடம். 2000இலும் கடைசி இடம். சிட்னிக் கிளப்புகளில் ஆடி ஓய்ந்தவர்கள் கடைசியாக வந்து சேரும் ஊர் என்ற பேச்சும் உண்டு.

2004இல் நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. கிரஹாம் மரேயின் பயிற்சியில் முதன்முறையாக இறுதிச் சுற்றுகளுக்குள் நுழைந்தார்கள். நுழைந்த உடனே தோற்கடித்தது யாரை? அதே புல்டாக்ஸை, 30-22. அடுத்து, அதுவரை ஒருமுறைகூட வென்றிராத பிராங்கோஸை டவுன்ஸ்வில்லில் வைத்து 10-0. இறுதி ஆட்டத்துக்கு ஒரு படி கீழே ரூஸ்டர்ஸிடம் 19-16 என்று மயிரிழையில் தோற்றார்கள்.

ஆக 2005 தொடக்கத்தில் அங்கே இருந்தது ஏறிக்கொண்டிருந்த ஓர் அணி. பின்னால் மாத்யூ பவன் என்ற மின்னல். கேப் யார்க்கின் ஹோப் வேல் பழங்குடிக் குடியிருப்பில் வளர்ந்தவர், அவரும் சின்ன உடம்பு. ஆட்டத்தை நடத்த ஓர் ஆள்தான் தேவைப்பட்டது. ஏழாம் எண் சட்டையை தர்ஸ்டனிடம் கொடுத்தார்கள். நன்றாக ஆடினாலும் ஆடாவிட்டாலும் அடுத்த வாரமும் நீதான் என்றார்கள்.

இந்த உறுதி எவ்வளவு பெரியது என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எளிதில் புரியாது. பெஞ்சிலிருந்து இருபது நிமிடம் ஆட வருகிறவர் தவறு செய்யக் கூடாது என்றே ஆடுவார். ஏழாம் எண்ணின் வேலையோ தவறு செய்து செய்து கற்கும் வேலை. முதல் பத்து நிமிடம் இடப்பக்கம் மூன்று முறை ஓடவிட்டு எதிரணித் தடுப்பாளர் எப்படி நகர்கிறார் என்று பார்த்து வைத்துக்கொண்டு, அறுபதாவது நிமிடத்தில் அதைப் பயன்படுத்துவது. இருபது நிமிடத்தில் அந்தக் கணக்குப் பழகாது. தர்ஸ்டனின் தனித்தன்மை பந்தைத் தாமதமாக விடுவதில் இருந்தது. தடுப்பாளர் மூக்குக்கு முன்னால் வரும்வரை கையிலேயே வைத்திருப்பார். கொடுப்பது போல் பாவனை காட்டி, எதிரி எந்தப் பக்கம் சாய்கிறானோ அதற்கு மறுபக்கம் விடுவார். அடி வாங்கத் தயாராக இருந்தால்தான் இது முடியும். அந்தப் பக்கவாட்டில் பவன் முழு வேகத்தில் வந்துகொண்டிருப்பார். அந்த சீசனில் லீக்கிலேயே அதிக டிரை பவனுடையதுதான், 21.

மே மாதம் குயின்ஸ்லாந்து மாநில அணிக்கு அழைப்பு. குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வருடத்துக்கு மூன்று முறை மோதும் ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் தொடர். அந்த நாட்டில் அதற்கு மேல் ஓர் ஆட்டம் இல்லை என்றே சொல்லலாம். முதல் ஆட்டம் பிரிஸ்பேனில், அதாவது அவரை வேண்டாம் என்ற ஊரில். 19-0 என்று முன்னணியில் இருந்த குயின்ஸ்லாந்து, எதிரணி விரட்டி வந்ததில் 19-20 என்று பின்தங்கிவிட்டது. சில நிமிடங்களே மிச்சம். முதல் ஆரிஜின் ஆட்டம் ஆடும் தர்ஸ்டன் ஃபீல்டு கோல் உதைத்து 20-20 என்று சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் எதிரணியின் பிரெட் கிம்மார்லி வீசிய பந்தை பவன் இடையில் பறித்து ஓடி டிரை போட, 24-20. தொடரை என்னவோ நியூ சவுத் வேல்ஸ்தான் வென்றது. காயத்திலிருந்து திரும்பிய அவர்களின் ஏழாம் எண் ஆண்ட்ரூ ஜான்ஸ் அடுத்த இரண்டு ஆட்டங்களில் குயின்ஸ்லாந்தைத் துவைத்து எடுத்துவிட்டார். தன் வேலையின் உச்சம் எப்படி இருக்கும் என்பதை எதிர்ப்பக்கம் நின்று பார்ப்பதும் ஒரு பாடம்தான்.

அன்று தொடங்கி 2016 வரை, 12 வருடம், ஒரு ஆட்டம் விடாமல் 36 ஆரிஜின் ஆட்டங்கள் ஆடினார். உடம்பு தாங்காது என்று சொல்லப்பட்டவர்.

2005 செப்டம்பரில் டாலி எம் பதக்கம். கௌபாய்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் அதை வாங்குவது அதுவே முதல் முறை. ஏழாம் எண் சட்டையுடன் ஆடிய முதல் முழு சீசனிலேயே.

இறுதிச் சுற்றுகளின் முதல் ஆட்டத்தில் வெஸ்ட்ஸ் டைகர்ஸிடம் 50-6 என்று உதை வாங்கியது கௌபாய்ஸ். அந்த அவமானத்தோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தபோது மெல்பர்னை 24-16 என்றும், பட்டியலில் முதலிடம் பிடித்த பாரமட்டாவை 29-0 என்றும் வென்று கிளப்பின் முதல் இறுதி ஆட்டத்துக்குப் போனார்கள். அங்கே மறுபடி டைகர்ஸ். 30-16 தோல்வி. அன்று சிறந்த ஆட்டக்காரர் பதக்கம் வாங்கியவர் டைகர்ஸின் ஏழாம் எண் ஸ்காட் பிரின்ஸ். ஒரு காலத்தில் கௌபாய்ஸில் ஆடியவர். அவரை விட்டுவிட்டதற்கு அந்தக் கிளப் வருத்தப்பட நல்ல நாள்தான். ஆள் தேர்வில் யாருமே சுத்தமில்லை.

தேர்வைப் பற்றி

பொதுவாகக் கேட்கப்படும் கேள்வி "2001இல் ஏன் தவறவிட்டார்கள்?" என்பது. அதற்கான விடையில் பாதி உடம்பு அளவுகோல், பாதி 20இலிருந்து 14ஆகச் சுருங்கிய லீக். நான் கூடுதலாக யோசிப்பது 2004ஐப் பற்றி. அப்போது புல்டாக்ஸிடம் தர்ஸ்டன் இருந்தார். மூன்று வருடம் தினமும் பயிற்சியில் பார்த்தார்கள். அவர்கள் அவரை வெறுக்கவில்லை, இறுதி ஆட்டத்துக்கே நம்பி அனுப்பினார்கள். இருந்தும் போக விட்டார்கள். கோப்பை வென்ற அணியில் ஆட்டத்தை நடத்தும் இருவரில் ஒருவரைக் கலைத்துவிட்டு பெஞ்சில் இருப்பவரை உட்கார வைக்க எந்தப் பயிற்சியாளரும் துணிய மாட்டார். அவர்கள் அப்போது செய்தது சரிதான். அந்த முடிவுக்கான ஆதாரம் கையில் கோப்பையாகவே இருந்தது. அதற்கடுத்த பத்து வருடத்தை மட்டும் இழந்தார்கள்.

கௌபாய்ஸின் கண்கள் மற்றவர்களைவிடக் கூர்மை என்று நான் நம்பவில்லை. அவர்களிடம் சட்டை காலியாக இருந்தது. தூரத்து ஊர் என்பதால் பெரிய பெயர்கள் வரத் தயங்கிய கிளப் அது, இளம் ஆளை நம்பித்தான் ஆக வேண்டும். பலவீனமான கிளப்பின் தேவையும் வலுவான கிளப்பில் இடம் கிடைக்காத பையனின் அவசரமும் ஒரே வருடத்தில் சந்தித்துக்கொண்டன. அந்தச் சந்திப்பு ஒரு வருடம் தள்ளிப்போயிருந்தால் அந்தச் சட்டையை வேறொருவர் போட்டிருப்பார்.

டாலி எம் பதக்கம் பிறகு 2007, 2014, 2015 ஆகிய ஆண்டுகளிலும் வந்தது. 2018இல் ஓய்வு பெறும்போது 323 ஆட்டங்கள், அதில் 294 கௌபாய்ஸுக்காக. ஆனால் மோதிரம் பத்து வருடமாக வரவில்லை.

2015 அக்டோபர் 4. மீண்டும் சிட்னியில் இறுதி ஆட்டம். எதிரே பிரிஸ்பேன் பிராங்கோஸ். 16-12 என்று அவர்கள் முன்னிலையில் இருக்க, ஆட்டம் முடியும் மணி அடிக்கும்போது கைல் ஃபெல்ட் மூலையில் டிரை போட்டார். 16-16. வென்றுவிட, ஓரக்கோட்டை ஒட்டிய இடத்திலிருந்து தர்ஸ்டன் உதைத்தார். பந்து கம்பத்தில் பட்டு வெளியே தெறித்தது. கூடுதல் நேரத்தின் முதல் உதையை பிராங்கோஸின் ஏழாம் எண் பென் ஹன்ட் கையிலிருந்து நழுவவிட்டார். பந்து கௌபாய்ஸிடம். சில பிடிகள் கழித்து, கம்பங்களுக்கு நேரெதிரே நின்ற 32 வயதுக்காரர் ஒரு ஃபீல்டு கோலை உதைத்தார். 17-16.

அதற்குத் தந்த மோதிரத்தை அவர் யாருக்கும் கொடுக்கவில்லை.